மொட்டை மாடியில் செத்து விழும் செடிகள்: 'கொலையாளி' யார்?

ஆறு பைக்கு ஒரு குடம் தண்ணீர்! கணக்குப் பார்க்காமல் ஆசைப்பட்டால் காசும் போச்சு, காயும் போச்சு!

(நமது நிருபர்)

சென்னை, மே 6–

கத்திரி வெயில் பிறந்துவிட்டது. தார் ரோடு இளகுகிறது. பகல் பதினோரு மணிக்கு மேல் தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. தவறிப்போய் வெளியே வந்தவர்களுக்குக் குடை இருக்கிறது, மோர்ப் பந்தல் இருக்கிறது. மொட்டை மாடியில் பிளாஸ்டிக் பைக்குள் நிற்கும் தக்காளிச் செடிக்கு என்ன இருக்கிறது?

தை மாதம் பை வாங்குகிறார்கள். மாசியில் விதை முளைக்கிறது. பங்குனியில் பூக்கிறது. வீடே கொண்டாடுகிறது. சித்திரை பிறந்ததும் பூ உதிர்கிறது. வைகாசிக்குள் செடி கருகி, பையும் மண்ணுமாகத் தெருமுனைக் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. வருஷா வருஷம் சென்னையில் நடக்கிற கதை இது.

இந்தச் சாவுக்கு எந்த போலீஸ் நிலையத்திலும் வழக்குப் பதிவாகாது. ஆனால் நஷ்டம் நஷ்டம்தான். பை, மண், உரம், விதை என்று நாலு காசு சேர்த்துப் போட்ட குடும்பத்தின் பணம் அது. அதைவிடப் பெரிசு, கோடையில் குடம் குடமாக மேலே தூக்கிப் போய் ஊற்றிய தண்ணீர்.

இந்தச் செடிகளைக் கொல்வது யார்? நகரின் பல பகுதிகளில் மாடி ஏறி இறங்கி விசாரித்ததில் சில திடுக்கிடும் விவரங்கள் தெரிய வந்தன. அவை வருமாறு:–

ஆசை வந்தது எப்படி?

மாடியில் காய் போடும் ஆசை சும்மா வரவில்லை. 2023-ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஞாபகம் இருக்கிறதா? தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டிப் போய்விட்டது. கோயம்பேட்டில் வாங்கப் போனவர்கள் கால் கிலோ வாங்கித் திரும்பினார்கள். கடைசியில் அரசாங்கமே ரேஷன் கடையில் தக்காளியைக் கிலோ 60 ரூபாய்க்கு விற்றது. அந்த நாளில் மாடியைப் பார்த்துப் பெருமூச்சு விடாத குடும்பத் தலைவி உண்டா?

அதற்கு முன்பே, 2021-இல், தோட்டக்கலைத் துறை மாடித்தோட்டத் தளைகளை மானியத்தில் தந்தது. 900 ரூபாய் சரக்கு 225 ரூபாய்க்கு. ஆறு பை, ஆறு தென்னைநார்க் கட்டி, ஆறு வகைக் காய்கறி விதை, வேப்பெண்ணெய் சேர்ந்த மருந்து, ஒரு கையேடு.

ஆறு பையோடு நிறுத்தியவர்கள் பிழைத்தார்கள். அக்கம்பக்கத்தைப் பார்த்து முப்பது, நாற்பது என்று ஏற்றியவர்களுக்குத்தான் ஆபத்து. எப்படி என்று பிறகு சொல்கிறோம். முதலில் குற்றவாளிகளை ஒவ்வொருவராகப் பிடிப்போம்.

முதல் குற்றவாளி: பக்கவாட்டுச் சூடு

"வெயில் இலையைக் கருக்கிடுச்சு சார்" என்பதுதான் எல்லாரும் சொல்லும் புகார். அது பாதி உண்மை.

தரையில் நிற்கும் செடிக்கு வேர் பூமிக்குள் இருக்கிறது. மேல் மண் கொதித்தாலும் அரை அடிக்குக் கீழே குளிர்ச்சி. தொட்டியில் நிற்கும் செடிக்கு அந்த வழி கிடையாது. மேலே வெயில், பக்கத்தில் சூடேறிய பிளாஸ்டிக், கீழே கொதிக்கும் தட்டோடு. மூன்று பக்கமும் அடுப்பு. அடியில் இருக்கிற வேர்தான் முதலில் வேகிறது. இலை வாடுவது அதற்குப் பிறகு.

நம்பாதவர்கள் பகல் இரண்டு மணிக்கு மாடிக்குப் போய்க் கறுப்புத் தொட்டியின் மேற்குப் பக்கத்தைக் கையால் தொட்டுப் பாருங்கள். கையை எடுத்துவிடுவீர்கள். எண்ணெய் டின்னாக இருந்தால் இன்னும் மோசம்.

இதற்குச் செலவில்லாத வைத்தியம் இருக்கிறது. பையின் வெள்ளைப் பக்கம் வெளியே தெரியும்படி வையுங்கள். டின்னாக இருந்தால் வெளியே சுண்ணாம்பு அடியுங்கள். மளிகைக் கடையில் பழைய கோணி கேட்டு வாங்கித் தொட்டியைச் சுற்றிக் கட்டுங்கள். தொட்டியைத் தரையில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் ஏற்றுங்கள். அடியில் காற்று ஓடும்.

மண் தொட்டி வைத்திருப்பவர்கள் கொஞ்சம் அதிர்ஷ்டசாலிகள். பானைத் தண்ணீர் குளிர்வது போலத்தான். மண் தொட்டியின் உடம்பு வழியாக ஈரம் கசிந்து ஆவியாகும், உள்ளே சூடு குறையும். ஆனால் அந்தக் கசிவுக்கும் சேர்த்துத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும். சும்மா எதுவும் கிடைக்காது!

இடமும் முக்கியம். ஏப்ரல் கடைசியில், 24-ஆம் தேதியை ஒட்டி, சென்னையில் உச்சி வேளையில் சூரியன் நேர் தலைக்கு மேல் வருகிறது. நிமிர்ந்து நிற்கும் கம்பத்துக்கு நிழலே விழாது. மே மாதமும் கிட்டத்தட்ட அதே கதைதான். ஆகவே நடுப்பகலில் எந்தச் சுவரும் உங்கள் செடிக்கு உதவாது. பிற்பகலில்தான் உதவும். மாடிப்படி அறையின் கிழக்குச் சுவர் ஓரமாகச் செடிகளை நெருக்கி வைத்தால் காலை வெயில் கிடைக்கும், இரண்டு மணிக்கு மேல் நிழல் விழும். நடுப்பகலுக்குப் பச்சை நிழல்வலை கட்டலாம். பாதி வெயிலைத் தடுக்கும் வலை போதும். வாங்க வசதி இல்லையா? பழைய பருத்திச் சேலையும் கயிறும் போதும்.

இரண்டாம் குற்றவாளி: காலம் தப்பிய விதை

"செடி நல்லாத்தான் இருக்கு, பூவும் பூக்குது, ஒரு காய்கூட நிக்கலை. யாரோ கண்ணு வச்சுட்டாங்க!"

கண்ணுமில்லை, காத்துமில்லை. தக்காளிப் பூவுக்குச் சூடு ஆகாது. பகலில் 35 டிகிரிக்கு மேல் போனால் மகரந்தம் கெட்டுவிடும். ராத்திரியும் புழுக்கமாக இருந்தால் பிஞ்சு பிடிக்காது. சென்னையில் மே மாதம் ராத்திரிகூட 28 டிகிரிக்குக் கீழே இறங்குவதே சிரமம். பகலைக் கேட்கவே வேண்டாம். 2003 மே 31-ஆம் தேதி இந்த நகரம் 45 டிகிரியைப் பார்த்திருக்கிறது.

ஆக, சித்திரையில் பூக்கும் தக்காளிக்கு எத்தனை குடம் ஊற்றினாலும் வீண். உரத்தைக் கொட்டினாலும் வீண். ஆடிப் பட்டம் தேடி விதை என்று பெரியவர்கள் சொன்னது வயல்காரனுக்கு மட்டும் சொன்னதல்ல. மாடிக்காரனுக்கும்தான். ஆடி, ஆவணியில் தக்காளி விதை போட்டு நாற்றெடுத்தால் மழையும் பனியும் வரும் மாதங்களில் காய் பார்க்கலாம். கொத்தமல்லியும் இதே ஜாதி. கோடையில் நாலு இலை விடும், உடனே பூத்து முடிந்துவிடும். கோஸ், கேரட், பீன்ஸ் பக்கம் இந்த மாதம் போகவே வேண்டாம்.

அப்படியானால் மே மாதம் எது தாங்கும்? வெண்டை, கொத்தவரை, காராமணி. கொடிப்பசலை, முளைக்கீரை, தண்டுக்கீரை. கத்திரி முரட்டுப் பிள்ளை, தாங்கும். பாகல், பீர்க்கு, புடலை கொடிகளுக்குப் பெரிய தொட்டியும் பந்தலும் இருந்தால் தாங்கும். பந்தல் போட்டால் அதன் நிழலிலேயே கீரைத் தட்டை வைத்துவிடலாம்.

கொடிக்காய் போடுகிறவர்களுக்கு ஒரு சங்கதி. மூன்று மாடி, நாலு மாடி உயரத்துக்குத் தேனீ சரியாக வருவதில்லை. பிஞ்சு பழுத்து உதிர்ந்தால் மகரந்தம் சேரவில்லை என்று சந்தேகப்படுங்கள். ஆண் பூவைப் பறித்து, அடியில் குட்டிப் பிஞ்சு தெரியும் பெண் பூவில் தடவிவிட வேண்டும். பாகல் பூ காலையில் விரியும். சுரையும் பீர்க்கும் சாயங்காலம் விரியும். புடலை ராத்திரிக்காரன். நேரம் பார்த்துத்தான் போக வேண்டும்.

மூன்றாம் குற்றவாளி: தண்ணீர்க் கணக்கு

இதுதான் பெரிய இடத்து விவகாரம்.

இருபது லிட்டர் பையில் நிற்கும் வளர்ந்த கத்திரிச் செடி கத்திரி வெயிலில் ஒரு நாளைக்குச் சுமார் இரண்டிலிருந்து மூன்று லிட்டர் குடிக்கும். இரண்டரை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு பைக்கு 15 லிட்டர். நம்ம ஊர் பிளாஸ்டிக் குடம் ஏறக்குறைய 15 லிட்டர். ஆறு பைக்கு ஒரு குடம்.

நாற்பது பை? நூறு லிட்டர். ஏழு குடம். தினமும்!

லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்து வரிசையில் நிற்கும் வீட்டில் ஏழு குடம் என்பது என்ன என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. 2019-ஐ இந்த நகரம் மறக்க முடியுமா? பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் வறண்டன. ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில், 50 வேகனில், 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. அந்த வருஷம் மனிதனுக்கே தண்ணீர் இல்லை. செடிக்கு யார் ஊற்றுவது?

வியாசர்பாடிப் பக்கம் குடியிருப்பு ஒன்றின் மாடியில், இரண்டு பழைய பெயிண்ட் வாளியில் கீரையும் ஒரு தொட்டியில் வெண்டையும் வைத்திருக்கும் மூதாட்டியிடம் இதைப் பற்றிக் கேட்டோம்.

"இன்னா தம்பி கணக்கு? அரிசி கழுவுற தண்ணி, காய் கழுவுற தண்ணி, அதுக்கு எவ்ளோ செடி தாங்குமோ அவ்ளோதான் வச்சுக்கிறேன். செடிக்குன்னு தனியா ஒரு கொடம் எடுத்தா என் மருமவ சும்மா உடுவாளா?" என்றார் அவர்.

வேளாண்மைப் புத்தகம் எதையும் படிக்காதவர். ஆனால் கணக்கு சரி.

தண்ணீர் ஊற்றுவதிலும் சூட்சுமம் இருக்கிறது. தென்னைநார்க் கழிவு ஈரமாக இருந்தால் நன்றாகத் தண்ணீர் பிடிக்கும். ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் பிடிக்காது. ஊற்றிய தண்ணீர் பையின் ஓரமாக இறங்கி அடியில் ஓடிவிடும். மேலே பார்த்தால் ஈரம், உள்ளே காய்ச்சல். "தினமும் ஊத்தறேன், ஆனாலும் வாடுது" என்பவர்களின் பையில் பாதிக் கேஸ் இதுதான். அரை சொம்பு ஊற்றி, பத்து நிமிஷம் விட்டு, மீதியை ஊற்றுங்கள். இறங்கும்.

காலை ஏழு மணிக்கு முன்னால் ஊற்றுவது உத்தமம். சாயங்காலம் ஊற்றுபவர்கள் கவனிக்க: மாடியில் கிடக்கும் ஹோஸ் பைப்பில் தேங்கியிருக்கும் தண்ணீர் வெந்நீர். மாடித் தொட்டித் தண்ணீரும் அப்படித்தான். திறந்தவுடன் செடிமேல் பிடித்தால் அதோடு சரி! வாளியில் பிடித்து நிழலில் ஆறவைத்து ஊற்றுங்கள்.

பகலில் இலை தொங்கினால் உடனே பதறாதீர்கள். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் இருந்தால் ஊற்ற வேண்டாம், சாயங்காலம் இலை தானாக நிமிரும். ஈரத்தின் மேல் ஈரம் ஊற்றினால் வேர் அழுகும். வெயிலில் செத்தது என்று நினைக்கும் செடிகளில் சில தண்ணீரில் மூழ்கிச் செத்தவை.

மண்ணுக்கு மேல் காய்ந்த இலை, வைக்கோல், உலர்த்திய கரும்புச் சக்கை எதையாவது இரண்டு அங்குலம் பரப்புங்கள். சூடு தாக்காது, ஈரம் போகாது. வேப்பமரத்துச் சருகு தெருவில் இலவசம்.

நாலாம் குற்றவாளி: உப்பு

கடலோரப் பகுதிகளில் பல வீட்டு ஆழ்குழாய்க் கிணற்றில் உப்புத் தண்ணீர். அதை ஊற்ற ஊற்ற, தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு பைக்குள்ளேயே தங்கிவிடும். இலை நுனி தீய்ந்து போவதும், தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்து நிற்பதும் இதற்கு அடையாளம். தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீர் இன்னும் உப்பு. "வீணாப் போகுதே" என்று அதைச் செடிக்கு விடுவது வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை.

ஏ.சி. மெஷினிலிருந்து சொட்டும் தண்ணீர் நல்லது. அதில் உப்பு இல்லை. மழைத் தண்ணீருக்கு ஈடு கிடையாது. தென்னைநார்க் கட்டியிலும் உப்பு உண்டு. ஊறவைத்து இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்த பிறகே மண்ணோடு கலக்க வேண்டும்.

வீட்டுக்காரர் – குடித்தனக்காரர் தகராறு

செடியால் நடக்கும் அடிதடி தனிக் கதை. "மேல நீ தண்ணி ஊத்தற, கீழ என் சுவர் ஊறுது!" என்று ஆரம்பித்து, சட்டையைப் பிடிக்கும் வரை போகிறது.

இதில் வீட்டுக்காரர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆள் ஏறி நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியத் தர விதி (ஐ.எஸ். 875) வைத்திருக்கும் பாரம் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. அதாவது சதுர அடிக்கு 14 கிலோ. இருபது லிட்டர் பையில் வெறும் மண்ணை நிரப்பித் தண்ணீர் ஊற்றினால் ஒரு பையே முப்பது கிலோவுக்கு மேல். சதுர மீட்டருக்கு நாலு பை வைத்தாலே கணக்கு தீர்ந்தது. ஒன்பது பை வைத்தால்?

ஆகவே வெறும் மண் கூடாது. செம்மண் ஒரு பங்கு, அலசிய தென்னைநார் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு. பாரம் நன்றாகக் குறையும். பச்சைச் சாணி போடக்கூடாது. மக்கும்போது கிளம்பும் சூட்டிலேயே வேர் வெந்துவிடும். பைகளை நடுமாடியில் குவிக்காமல், கீழே சுவரோ உத்தரமோ இருக்கும் இடத்துக்கு மேலாக ஓரத்தில் வரிசையாக வையுங்கள் என்கிறார்கள் கொத்தனார்கள். மரச்சட்டம் கொடுத்துக் கட்டிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் வல்லுநரைக் கேட்காமல் ஒரு தொட்டிகூட ஏற்றாதீர்கள்.

தரையில் தண்ணீர் தேங்கினால் தட்டோட்டு இடுக்கில் இறங்கும். செங்கல் மேல் தொட்டி இருந்தால் ஓடிக் காய்ந்துவிடும். ஒரே வைத்தியம், இரண்டு வியாதிக்கும் மருந்து.

தட்டில் டெங்கு!

தண்ணீர் சிந்தாமல் இருக்கட்டும் என்று தொட்டிக்கு அடியில் தட்டு வைக்கிறார்கள். அந்தத் தட்டில் நிற்கும் இரண்டு விரற்கடைத் தண்ணீர் டெங்கு கொசுவுக்குப் பிரசவ அறை. முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். முட்டை காய்ந்த தட்டில் மாதக் கணக்கில் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். தண்ணீர் பட்டதும் உயிர் வரும். இந்தக் கொசு கடிப்பது பகலில்.

தட்டைத் தூக்கி எறிவது நல்லது. வேண்டுமென்றால் மணல் நிரப்புங்கள். வாரம் இருமுறை தேய்த்துக் கழுவுங்கள். மாநகராட்சி ஆட்கள் வந்து புழுவைக் கண்டுபிடித்தால் அபராதமும் உண்டு. பத்து ரூபாய்க் கீரைக்கு ஆசைப்பட்டு ஆஸ்பத்திரி வாசலில் நிற்க வேண்டுமா?

லாபம் எவ்வளவு?

"மாடித்தோட்டம் போட்டால் காய்கறிக் கடைக்கே போக வேண்டாம்" என்று சொல்பவர்களை நம்பாதீர்கள்.

ஒரு வெண்டைச் செடி இரண்டு நாளைக்கு ஒரு காய் கொடுத்தால் நல்ல செடி. நாலு பேர் குடும்பத்துக்கு ஒருவேளைக் குழம்புக்குக் கால் கிலோவாவது வேண்டும். எட்டுச் செடி இருந்தால் வாரம் ஒரு குழம்பு தேறும். அவ்வளவுதான்.

கீரை வேறு ஜாதி. அரை அடி ஆழத் தட்டு போதும். முளைக்கீரை விதைத்த மூன்று, நாலு வாரத்தில் பறிக்கலாம். பாரமும் குறைவு, தண்ணீரும் குறைவு. வாரத்துக்கு ஒரு தட்டாக, நாலு தட்டு மாற்றி மாற்றி விதைத்தால் வாரம் ஒரு நாள் சொந்தக் கீரை. கறிவேப்பிலை ஒன்று, பச்சை மிளகாய் இரண்டு வைத்தால் தினசரிச் செலவு குறையும். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் இங்கேதான் தொடங்க வேண்டும்.

சூடு ஏறினால் சிலந்திப் பேனும் மாவுப்பூச்சியும் வரும். இலையின் அடியைத் திருப்பிப் பாருங்கள். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், துளி சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் தெளியுங்கள். நடுப்பகலில் எண்ணெய் தெளித்தால் பூச்சிக்கு முன்னால் இலை பொரிந்துவிடும்.

தீர்ப்பு

விசாரணை முடிந்தது. வெயில் மட்டும் கொலையாளி அல்ல. அது வருஷா வருஷம் வருகிற ஆள், சொல்லிவிட்டுத்தான் வருகிறது. தண்ணீர்க் குடத்தை எண்ணாமல் பையை எண்ணுவதும், ஆடியில் போட வேண்டியதை மாசியில் போடுவதும்தான் செடியைச் சாகடிக்கின்றன.

இந்த மாதம் புதிதாக எதையும் வாங்காதீர்கள். இருக்கிற செடியை நிழலுக்கு இழுத்து, கோணி கட்டி, சருகு போட்டு உயிரோடு வைத்திருங்கள். செத்த பையைக் குப்பையில் போடாதீர்கள். மண்ணைக் கொட்டி, வெயிலில் நன்றாகக் காயவிட்டு, தொழுவுரம் கலந்து மூடி வையுங்கள். கத்திரி இம்மாதக் கடைசியில் விலகும். ஆடிக்கு இன்னும் இரண்டரை மாதம் இருக்கிறது.

அதற்குள் உங்கள் வீட்டில் அரிசி கழுவும் தண்ணீர், காய் கழுவும் தண்ணீர், ஏ.சி. சொட்டும் தண்ணீர் எல்லாம் சேர்ந்து நாளைக்கு எத்தனை குடம் என்று ஒரு வாரம் அளந்து பாருங்கள். ஒரு குடம் வந்தால் ஆறு பை. அரைக் குடம் வந்தால் மூன்று பை. அதற்கு மேல் ஒன்றுகூட வேண்டாம்.